இருப்பு

மின் இஸ்திரிப் பெட்டி அடித்தட்டு, வார்ப்பிரும்பு: 11,040.
மைக்கா தகடு: ஒன்பது கட்டு.
தகரம்: போதுமான அளவு.
செம்புக் கம்பி இருந்தது;
நவம்பரில் இரவுக் காவலரோடு சேர்ந்து போய்விட்டது.

கிடங்குக்காரி நான்.
இருப்பதைக் கறுப்பிலும் இல்லாததைச் சிவப்பிலும் எழுதுவேன்.
இந்தக் குளிர்காலத்தில்
சிவப்பு மை முதலில் தீர்ந்தது.

குத்தாயிசிக்கு மின்சாரம் இரவு மூன்று மணிக்கு வரும்,
சில நாள், ஒரு மணி நேரம்.
ஊரே எழுந்து மாவு பிசையும், தண்ணீர் ஏற்றும்,
ரேடியோவைத் திருகும்.
ஒருவர்கூடச் சட்டை தேய்ப்பதில்லை.

இயக்குநர் உஷாங்கி கோட்டைக் கழற்றாமலே பேசினார்:
விற்கிற மாதிரி எதையாவது செய்யுங்கள்,
வெளியிலிருந்து ஓர் ஆணி வாங்கவும் பணமில்லை.
வெறுங்கை முழம் போடுமா என்றேன்,
வாய் சும்மா இராமல்.
"கை இல்லாமல் முழம் ஏது, லமாரா?" என்றான் முர்மன்.

பாக்கூவில் எப்போதோ மாலை வகுப்பில் படித்தவன்,
புதியதைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறதாம்.
எண்ணெய் ஊறிய அந்த நோட்டைத்
தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவன்.
கரும்பலகையில் வட்டம் போட்டான்.
இதற்குள் இருப்பது மட்டும்.
பொருளுக்கு உயிர் எதுவோ அதை எடு.
எடுத்த இடத்தில் இன்னொன்றை வைக்காதே.
மிச்சத்தைப் பார், இது யாருக்கு வேண்டும்?

இஸ்திரிப் பெட்டிக்குச் சூடுதான் உயிர்.
எடுத்தோம்.
மிஞ்சியது ஒரு கிலோ இருநூறு கிராம்,
படகு மாதிரி மூக்கு கூரான இரும்பு.
"நாய் துரத்தினால் எறியலாம்" என்றான் வெல்டர் ஒத்தியா.
அதையும் எழுதினான் முர்மன்.
கதவுக்கு முட்டு. ரியோனி ஆற்றில் வலைக்குக் குண்டு.
ஊறுகாய்ப் பானைக்குப் பாரம்.
மூன்று நாள். பலகை நிறைந்தது,
எங்கள் வயிறு அப்படியே இருந்தது.

நான்காம் நாள் முர்மன் என்னிடம் சாக்கட்டி கேட்டு வந்தான்.
என் மடியில் சால்வைக்குள் ஒரு தட்டு.
மண்ணெண்ணெய் அடுப்பில் காய்ச்சி,
திருடியதைப் போல ஒளித்து வைத்திருந்தேன்.
விரல் விறைத்தால் எண்கள் கோணுகின்றன, என்ன செய்ய?
"எவ்வளவு நேரம் சூடு நிற்கும்?"
"பேரேட்டில் இரண்டு பக்கம்" என்றேன்.
உட்கார்ந்துவிட்டான்.

இப்படித்தான் அந்த விறகு அடுப்பு வந்தது.
மேல்மூடியாக ஆறு தட்டுகள், தனித்தனியே கழற்றலாம்.
மாலையில் சமைத்தபின் ஆளுக்கொன்று
கம்பளித் துணியில் சுற்றிப் படுக்கைக்குக் கொண்டுபோகலாம்.

புகைக்குழாய்க்கு ஜன்னல் கண்ணாடியை உடைக்க வேண்டுமே?
அடுப்பை அனுப்பும் தகரப் பெட்டியின் மூடியிலேயே
வட்டமாக ஓட்டை போட்டோம்.
வழியெல்லாம் மூடி, வீடு வந்ததும் ஜன்னல்.

எதெரி தன் வீட்டில் பொருத்திப் பார்த்தாள்,
மறுநாள் முகம் சுளித்து வந்தாள்.
"குளிர் போச்சு. வெளிச்சமும் போச்சு.
மகனுக்குப் பாடப்புத்தகம் தெரியவில்லை."
விளக்கு என்றார் உஷாங்கி.
வட்டத்துக்கு வெளியே, என்றான் முர்மன்.
உள்ளே என்ன இருக்கிறது, லமாரா?
நான் என் பட்டியலை வாசித்தேன்.
இரண்டாம் வரியிலேயே எல்லோரும் கத்தினார்கள்.
அடுப்புக் கதவில் மைக்கா வைத்தோம்.
எதெரியின் மகன் இப்போது நெருப்பில் படிக்கிறான்,
ஆறாம் வகுப்புப் புவியியல், குப்புறப் படுத்து.

எல்லாம் சரியாக நடக்கவில்லை.
ஒத்தியாவின் போர்வையில் இஸ்திரிப் பெட்டி வடிவத்தில்
ஒரு கரிந்த ஓட்டை.
நாற்பது அடுப்புகள் விற்றோம்,
பாதிக்குக் காசு வரவில்லை, ஹேசல்நட் வந்தது.
சம்பளத்தைப் படியால் அளந்து தந்தார்கள்.

இன்று பேரேட்டைத் திறந்தேன்.
தலைப்பு: மின் இஸ்திரிப் பெட்டி.
மின் என்பதை அடித்தேன், அது எப்போதோ போயிற்று.
இஸ்திரியை அடித்தேன், எவரும் தேய்க்கப்போவதில்லை.
பெட்டி மட்டும் நின்றது.
அதுவும் யார் யார் வீட்டிலோ ஜன்னலாகிவிட்டது,
அடித்தேன்.

தலைப்பில்லாத பக்கத்தில்
அடித்தட்டு இருப்பு: 10,800.
உண்மையில் ஒன்று குறைவு.
மடியில் இருப்பதை
நான் எழுதவில்லை.